கட்டளைச் சாளரம் காட்டும் பதிப்பு எண்

இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்தும் நாம் கடவுச்சொல்லைக் காக்கிறோம். ஓடிபி எண்ணை எவரிடமும் சொல்வதில்லை. ஆயினும், அவற்றை உள்ளிடும் கணினி எந்தப் பதிப்பில் இயங்குகிறது என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். பூட்டு உறுதியாக இருந்தும் கதவு இற்றுப்போயிருந்தால் பயன் என்ன?

விடை காண ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் கணினியின் தேடல் கட்டத்தில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை உள்ளிட்டால் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்னும் கட்டளைச் சாளரம் கிடைக்கும். அதைத் திறந்ததும் முதல் வரியிலேயே பதிப்பு எண் தெரியும். விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் அது 10.0 என்றே தொடங்குவதால் குழப்பம் நேரலாம். அதையடுத்து வரும் எண்ணையே நாம் நோக்க வேண்டும். அது 22000 அல்லது அதற்கு மேல் எனில் விண்டோஸ் 11. 19045 எனில் விண்டோஸ் 10-இன் இறுதிப் பதிப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்குப் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை.

அதே கணினியில் ‘பவர்ஷெல்’ என்னும் மற்றொரு கட்டளைச் சாளரமும் உண்டு. அதில் ‘கெட்’, இடைக்கோடு, ‘ஹோஸ்ட்’ என ஆங்கிலத்தில் இடைவெளியின்றி உள்ளிட்டு என்டர் விசையை அழுத்தினால் அதன் பதிப்பு தெரியும். 5.1 என்பது விண்டோஸுடன் வருவது. 7 என்பது தனியே நிறுவப்படுவது. இயக்கப்படும் கட்டளைகளை விரிவாகப் பதிவு செய்யும் வசதி பதிப்பு 5 முதலே உள்ளது. 2009-இல் வந்த 2.0 பதிப்பில் அது இல்லை. ஆகவே, தடயம் விடாதிருக்க ஊடுருவுவோர் அந்தப் பழைய பதிப்பை நாடுவதுண்டு. அலுவலகக் கணினிகளில் வரவு செலவைக் கையாளும் சிறுதொழில் முனைவோர் இதில் கூடுதல் கவனம் கொள்வது நன்று.

இச்சாளரங்கள் ஆற்றல் மிக்கவை. எனவேதான் மோசடிக்காரர்களும் அவற்றை விரும்புகின்றனர். தொலைபேசியிலோ இணையப் பக்கத்திலோ ஒருவர் தரும் கட்டளையை அங்கு ஒட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எந்த வங்கியும் அவ்வாறு கேட்பதில்லை. பணம் பறிபோனதாக அறிந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

பதிப்பை அறிவது முதற்படி. பழையதெனில் புதுப்பிப்பது அடுத்த படி. அடுத்த பணப் பரிமாற்றத்துக்கு முன்பே இரண்டையும் முடித்துக்கொள்வோம்.