கிழங்கில் தொடங்கிக் காய்க்கு மாறிய விளக்கு

ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் அமெரிக்க, ஐரிய இல்லங்களின் வாசலில் பரங்கிக்காய் விளக்குகள் ஒளிர்கின்றன. குடைந்த காயில் கண்ணும் வாயும் செதுக்கி, உள்ளே ஒரு சுடரை வைப்பது அங்குள்ள குடும்பங்களின் வழக்கம். இவ்வழக்கம் கடந்து வந்த பாதையைச் சொற்களின் துணையோடு காண்போம்.

'ஹாலோவீன்' என்பதில் 'ஹாலோ' புனிதரைக் குறித்த பழஞ்சொல். 'ஈன்' என்பது மாலையைக் குறிக்கும் சொல்லின் குறுக்கம். நவம்பர் முதல் நாள் கிறித்துவர்களின் அனைத்துப் புனிதர் பெருநாள். அதற்கு முந்திய மாலையே ஹாலோவீன். இதனினும் பழையது 'சௌவின்' என்னும் ஐரிய விழா. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அவ்விரவில் மறுவுலகின் கதவு திறந்திருக்கும் என்று மக்கள் நம்பினர். ஐரிய மொழியில் நவம்பர் மாதத்தின் பெயர் இன்றும் அதுவே.

விளக்கின் பெயர் 'ஜாக் ஓ லான்டர்ன்'. விளக்கேந்திய ஜாக் என்பது பொருள். 17ஆம் நூற்றாண்டில் இப்பெயர் இரவுக் காவலரையும், சதுப்பு நிலத்தில் தோன்றி மறையும் ஒளியையும் குறித்தது. அவ்வொளியையே நம் முன்னோர் கொள்ளிவாய்ப் பேய் என்றனர். சாத்தானை ஏய்த்த ஜாக் என்பவன், விண்ணுலகிலும் நரகிலும் இடமின்றி, குடைந்த கிழங்கில் தணலை ஏந்தி அலைகிறான் என்பது ஐரிய நாட்டார் கதை.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் செதுக்கப்பட்டது டர்னிப் கிழங்கே. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐரியர் நாட்டை விட்டு வெளியேறினர். பலர் அமெரிக்கா சேர்ந்தனர். அங்கே பரங்கிக்காயில் முகம் செதுக்கும் வழக்கம் முன்பே இருந்தது. கிழங்கைவிடப் பெரிதாகவும் உள்ளே குழிவாகவும் இருந்த அக்காய், நாளடைவில் ஹாலோவீனின் அடையாளமாயிற்று. பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. அமெரிக்க மண்ணுக்குரிய அக்காய் ஐரோப்பியர் வழியே நம்மிடம் வந்தபோது, அவர்களைக் குறித்த 'பரங்கி' என்னும் சொல்லே அதற்குத் தமிழில் பெயராயிற்று.

இனி, செதுக்கும் முறையைக் காண்போம். மேற்பகுதியை உட்புறம் சாய்வாக அறுத்தால்தான் மூடி உள்ளே விழாது. விதையையும் நாரையும் சுரண்டி எடுப்பதும் முகத்தை வரைவதும் சிறுவர் பங்கு. கத்தி பெரியவர் கையில் இருக்கும். விதைகளை உப்பிட்டு வறுத்து உண்பர். சில நாள்களில் காய் அழுகிவிடும். ஆதலால் மறு ஆண்டு மீண்டும் செதுக்க வேண்டும்.

1943இல் டோனிகால் மாவட்டத்தின் ஃபின்டவுன் சிற்றூரிலிருந்து ஓர் ஆசிரியர் கிழங்கு விளக்கொன்றை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அவ்வூரில் அதனைச் செய்வோர் அப்போது எவரும் இல்லை. நைந்துபோகும் நிலையிலிருந்த அவ்விளக்குக்கு வார்ப்பு ஒன்று எடுத்து வைத்தனர். வார்ப்பு அழுகுவதில்லை, ஆயின் அது எந்தக் குழந்தையின் கைக்கும் வேலை தருவதில்லை. அழுகும் காயோ ஆண்டுதோறும் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே மேசையில் அமர்த்துகிறது. மரபு நிலைப்பது இத்தகைய கற்பித்தலால்தான் என்பதை ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.