சாணைக்கல்லும் சாமந்திப் பூவும்

ஒன்பதாம் வகுப்பில் ஒளி பாடம் தொடங்கும்போது, வீட்டிலுள்ள கண்ணாடிப் பொருள் ஏதேனும் ஒன்றைத் துணியில் சுற்றிக் கவனமாக எடுத்துவரச் சொல்வது என் வழக்கம். மூக்குக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, ஊறுகாய் பாட்டில் என்று மேசை நிறைந்துவிடும். சென்ற ஆண்டு ஒரு மாணவன் பழைய துண்டில் சுற்றி, உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தான். நடுவில் ஒரு சாமந்திப் பூ. வண்ணம் ஏதுமில்லை, வெறும் கோடுகள்தான். ஆனால் சன்னல் பக்கம் திருப்பியதும் இதழ்கள் ஒவ்வொன்றாக மின்னின.

"யாருப்பா வெட்டினது?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா, டீச்சர். ஆனா வெட்டலை, தேய்ச்சது" என்றான்.

அந்த ஒரு சொல் என்னைத் திருத்தியது. அதைப் புரிந்துகொள்ளப் போய் நான் கற்றதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வெட்டுவதா, தேய்ப்பதா?

சன்னலுக்குக் கண்ணாடி வாங்கும்போது கடைக்காரர் வைரமுனையாலோ சிறு எஃகுச் சக்கரத்தாலோ ஒரு கீறல் போடுகிறார். கீறலின் இருபுறமும் அழுத்தினால் கண்ணாடி அந்தக் கோட்டிலேயே பிளக்கிறது. உண்மையில் அங்கே கண்ணாடி வெட்டப்படுவதில்லை. நாம் விரும்பும் இடத்தில் உடைக்கப்படுகிறது.

பூ வேலைப்பாடு அப்படியல்ல. சுழலும் சாணையில் கண்ணாடியை அழுத்தித் துளித்துளியாகத் தேய்த்தெடுத்தால்தான் பள்ளம் விழும். தேய்க்கும் பொருள் கண்ணாடியைவிடக் கடினமாக இருக்க வேண்டும். மோ கடினத்தன்மை அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. எமரித் தூளில் உள்ள குருந்தம் 9, வைரம் 10. இரும்பு உழவுக்கருவியைச் சாணை பிடிப்பதைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். தேய்க்கும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சூட்டில் கண்ணாடி விரிசல் விடாமல் அது காக்கிறது. நுண்ணிய தூள் பறந்து நுரையீரலுக்குள் போகாமலும் தடுக்கிறது.

முதலில் தேய்த்த பள்ளம் வெள்ளையாக, மங்கலாக இருக்கும். அதிலுள்ள எண்ணற்ற நுண்குழிகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். மேலும் மேலும் நுண்ணிய கல்லில் தேய்த்து, கடைசியில் மரச்சக்கரம், துணிச்சக்கரம் ஆகியவற்றில் பளபளப்பேற்றினால் பள்ளத்தின் சுவர் கண்ணாடிபோலத் தெளிகிறது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52. எனவே அதன் மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 41 டிகிரி. கண்ணாடிக்குள்ளிருந்து அதைவிட அதிகக் கோணத்தில் பள்ளத்தின் சாய்வுச் சுவரில் படும் ஒளி வெளியேறாமல் முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்புகிறது. ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு சாய்வு. நாம் தலையைச் சற்று அசைத்தால் ஓரிதழ் அணைந்து அடுத்த இதழ் ஒளிர்வது அதனால்தான்.

தோக்கியோவின் சிறு பட்டறைகள்

இந்தக் கலையைக் குடும்பம் குடும்பமாகச் செய்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடியபோது 'எடோ கிரிக்கோ' பற்றிப் படித்தேன். எடோ என்பது தோக்கியோ நகரின் பழைய பெயர். வேலைப்பாடு வெட்டிய கண்ணாடியைக் கிரிக்கோ என்கிறார்கள். தோக்கியோவின் கோத்தோ, சுமிதா பகுதிகளில் இன்றும் சிறு பட்டறைகள் இதைச் செய்கின்றன. அப்பாவிடமிருந்து பிள்ளை, பிள்ளையிடமிருந்து பேரப்பிள்ளை என்று தொழில் கைமாறிய பட்டறைகள் அவற்றில் பல.

வெளிப்புறம் மெல்லிய வண்ணப் படலம் கொண்ட குவளையை எடுத்து, முதலில் நீள, அகலக் கோடுகளை மட்டும் குறிக்கிறார்கள். முழுப் படத்தையும் வரைந்துகொள்வதில்லை. சுழலும் சக்கரத்தின் மேல் குவளையைப் பிடித்து, உள்ளிருந்து கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வெளிப்புறத்தைத் தேய்க்கிறார்கள். எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். மீன் முட்டைகள் வரிசை கட்டியது போன்ற வடிவம், கூடைப் பின்னல், ஆறு முனை விண்மீன், சங்கிலியாகக் கோத்த சாமந்தி எனப் பல வடிவங்கள் வழிவழியாக வருகின்றன.

எடோ கிரிக்கோவின் தொடக்கமாக 1834ஐக் குறிப்பிடுகிறார்கள். ககயா கியூபே என்ற கண்ணாடி வணிகர் எமரித் தூளால் கண்ணாடியில் வேலைப்பாடு செய்த ஆண்டு அது. 1881இல் அரசின் ஷினகாவா கண்ணாடித் தொழிற்சாலைக்கு எம்மானுவல் ஹாப்ட்மன் என்ற ஆங்கிலேயர் பயிற்றுநராக அழைக்கப்பட்டார். அவரிடம் பத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர் சக்கரத்தில் வெட்டும் முறையைக் கற்றார்கள். அவர்கள் தங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைய குடும்பப் பட்டறைகளின் வேரைத் தேடினால் அந்தப் பயிற்சி வகுப்பும் வருகிறது.

இதே நாட்டின் தெற்கே, சத்சுமா பகுதியில் நடந்தது வேறு. அங்கு 1846இல் சிற்றரசரின் ஆதரவில் கண்ணாடித் தொழில் தொடங்கியது. அடுத்து வந்த ஷிமாசு நரியாகிரா அதை மிகவும் வளர்த்தார். தடித்த வண்ணப் படலத்தைச் சாய்வாகத் தேய்த்து, அடர்நிறம் மெல்ல மெல்ல வெளிறுவது போன்ற அழகைக் கொண்டுவந்தார்கள். 1858இல் நரியாகிரா இறந்தார். 1863இல் ஆங்கிலேயக் கப்பல்களின் குண்டுவீச்சில் தொழிற்சாலை எரிந்தது. 1877 உள்நாட்டுப் போரை ஒட்டிய காலத்தில் கலையே மறைந்துவிட்டது. நூறாண்டுக்கும் மேல் கழித்து 1985இல்தான், எஞ்சிய பொருள்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்து மீட்டெடுத்தார்கள்.

இரண்டு இடத்திலும் திறமைக்குக் குறைவில்லை. ஓரிடத்தில் கலை ஒரே ஆதரவில், ஒரே கூரையின்கீழ் இருந்தது. இன்னோரிடத்தில் பல கைகளுக்குப் போனது. குடும்பம் ஒரு கலையை ஆழமாகக் காக்கிறது. ஆனால் வாசல் திறந்து யாருக்காவது கற்றுக்கொடுத்தால்தான் அது நிலைக்கிறது.

நான் சொன்ன ஒரு சொல்

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பூவைக் கொண்டுவந்த மாணவன் தேர்வுகளில் பின்தங்கியவன். ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் கோபத்தில், "இப்படியே இருந்தா உங்கப்பா மாதிரி கண்ணாடிக் கடைக்குத்தான் போகணும்" என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தேன். அவன் எதுவும் பேசவில்லை. பிறகு அதே கடையிலிருந்துதான் அந்தப் பூவை எடுத்து வந்து என் மேசையில் வைத்தான். அவன் முன்னால் வகுப்பிலேயே வருத்தம் தெரிவித்தேன். சொன்ன இடத்தில்தானே திருத்தவும் வேண்டும்?

அடுத்த வாரம் அவனுடைய அப்பாவை வகுப்புக்கு அழைத்தேன். சன்னல் கண்ணாடி அறுப்பதை வெகு நேர்த்தியாக விளக்கினார். பூ வேலையைப் பற்றி மாணவர்கள் கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அது எனக்கு வராது பிள்ளைங்களா. அப்பா பக்கத்துல உக்காரப் போனா, 'இது உனக்கு வேணாம், பள்ளிக்கூடம் போ'ன்னு விரட்டிடுவாரு. அவரோட போச்சு" என்றார். பூக்கண்ணாடி கேட்டு வருபவர்களுக்கு இப்போது பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கிறாராம். சாணை கடையின் பின்புறம் துருவேறிக் கிடக்கிறதாம்.

சத்சுமாவில் நடந்ததைப் படித்தபோது தொலைதூர வரலாறாகத் தெரிந்தது. எங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் அதுவே நடந்திருக்கிறது. அந்தத் தாத்தா தம் மகன் முன்னேற வேண்டும் என்றுதான் விரட்டினார். படிப்பு வேறு, கைத்தொழில் வேறு என்று அவரை நம்பவைத்ததில் என்னைப் போன்ற ஆசிரியர்களின் சொல்லுக்கும் பங்கு உண்டு.

வகுப்பறையில் செய்து பார்க்க

மாணவர்கள் கண்ணாடியை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. கீழ்க்காண்பவற்றைப் பாதுகாப்பாகச் செய்யலாம்.

1. தொடக்க வகுப்புகளுக்கு: காகிதக் குவளையின் வாயைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டாமல் அளந்து வெட்டி, நான்கு முறை பாதியாக மடித்தால் 16 சம பாகம் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைக் குவளையில் குறித்து, இணைத்து வடிவங்கள் வரையலாம். கிரிக்கோ கலைஞரின் முதல் வேலையும் இப்படிச் சமமாகப் பிரிப்பதுதான்.

2. கணக்கு வகுப்புக்கு: கவராயத்தால் வட்டத்தை ஆறாகப் பிரித்து ஆறு முனை விண்மீன் வரைந்து, சமச்சீர்க் கோடுகளை எண்ணச் செய்யலாம்.

3. அறிவியல் வகுப்புக்கு: ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோலின் ஒரு பகுதியை எமரி காகிதத்தால் தேய்த்து மங்கலாக்கி, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மங்கல் குறைந்து தெளியும். ஏன் என்று கேளுங்கள்.

4. எல்லா வகுப்புகளுக்கும்: தாத்தா, பாட்டி செய்த கைவேலை ஒன்றின் படிநிலைகளை அவர்களிடமே கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

நான்காவது பணிக்கு அந்த மாணவன் இரண்டு பக்கம் எழுதினான். சாணையின் அகலம், தண்ணீர் டப்பாவில் போட்ட ஓட்டையின் அளவு, இதழை நுனியிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்குவது என, சிறுவயதில் தாத்தா அருகே நின்று பார்த்ததில் நினைவிருந்ததெல்லாம் அதில் இருந்தது. எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன. அவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு பக்கத்தில் சிவப்பு மை படவில்லை.