கோளாறு மவுஸிலா, இடத்திலா?

மேஜைக் கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது திரையிலுள்ள அம்புக்குறி திடீரென்று தயங்கி, தத்தி, பின்பு அடியோடு அசைவற்று நின்றுவிடுமானால், மவுஸ் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, அதை மேஜைமேல் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் புதியது வாங்கக் கடைக்குப் புறப்படுவதே நம்மில் பலருக்குச் சுபாவமாகிவிட்டது. ஆனால் கம்பியில்லா மவுஸ் விஷயத்தில், அது அனுப்பும் செய்தியைக் கேட்பதற்காகச் சி.பி.யு. பெட்டியில் செருகியிருக்கிறோமே, அந்தச் சிறு ரிசீவர் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் செய்துகொடுத்த முதல் மவுஸ், மரத்தாலான ஒரு சிறு பெட்டியும், அதற்கடியில் இரண்டு சக்கரங்களும், கணினியோடு அதைப் பிணைக்கும் ஒரு கம்பியுமாக இருந்தது. கம்பி இருந்தவரை செய்தி வழிதவற இடமில்லை. கம்பியைத் துறந்த இன்றைய மவுஸோ, மில்லிவாட் கணக்கிலான அற்ப சக்தியைக் கொண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தன் ஒவ்வோர் அசைவையும் ரிசீவருக்கு அறிவிக்கிறது. குறைந்த சக்தியுள்ள சாதனங்களுக்கு உரிமம் வேண்டியதில்லை என்று நம் அரசாங்கம் 2005-ல் விதிவகுத்த அந்த அலைவரிசையில்தான் வைஃபையும் புளூடூத்தும் சஞ்சரிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேயே வந்து விழுகிறது.

இத்தனை நெரிசலையும் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும் ரிசீவர், பக்கத்துத் துவாரத்திலிருந்து வரும் உபத்திரவத்துக்குத்தான் ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. விநாடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் தகவல் பாயும் யூ.எஸ்.பி. 3.0 இணைப்பு, 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இரைச்சலை உமிழ்கிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. பெட்டியின் பின்புறம் குனிந்து பார்த்தால், உள்ளே நீலப் பிளாஸ்டிக் தெரியும் துவாரங்களில் ஒன்றில் ஹார்டு டிஸ்கும், அதை ஒட்டிய துவாரத்தில் ரிசீவரும் இருக்கக் காணலாம். டிஸ்குக்குப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது மட்டும் அம்புக்குறி தத்தி, நகல் முடிந்ததும் சீராகிவிடுமாயின் காரணம் விளங்கிவிட்டது. தவில் முழங்கும் கல்யாணப் பந்தலில் காதோடு சொன்ன ரகசியத்தின் கதிதான் அந்த மவுஸின் செய்திக்கும் நேர்கிறது. போதாக்குறைக்கு, மேஜைக்கடியில் சுவரோரம் தள்ளிவைத்த இரும்புப் பெட்டியும், அதன் முன்னே அமர்ந்திருக்கும் நம் தேகமும் அலைக்குக் குறுக்கே நிற்கின்றன.

இதற்கு நிவாரணம் சுலபமானது. ஒரு மீட்டர் நீளமுள்ள யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிளைக் கொண்டு ரிசீவரை மேஜைமேல், மவுஸுக்குப் பக்கத்திலேயே இருத்திவிட்டால், இரைச்சலுக்கும் இரும்புக்கும் ஒருசேரத் தப்பிவிடலாம். கேபிள் கைவசம் இல்லாதவர்கள், ரிசீவரைப் பெட்டியின் முன்பக்கத்துச் சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துவாரத்துக்கு மாற்றிப் பார்க்கலாம்.

இடத்தை மாற்றியும் குணம் தெரியாவிட்டால், அடுத்த விசாரணை பேட்டரியைப் பற்றியது. அடியில் விளக்கு எரிகிறது என்பதனாலேயே பேட்டரியில் சக்தி போதும் என்று நம்பிவிடக் கூடாது. நாட்பட்ட பேட்டரி கசிந்து, அது பொருந்தும் சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், புதியதைப் போட்டும் பிரயோஜனம் இராது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் லேசாக நனைத்த பஞ்சால் அந்தப் பூப்பைத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். கண்ணாடி மேஜைமேல் அம்புக்குறி தாறுமாறாக ஓடுவதைக்கூட இணைப்புக் கோளாறென்று மயங்குகிறவர்கள் உண்டு; ஒரு வெள்ளைத் தாளை அடியில் விரித்தாலே அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சிறிது நேரம் சும்மா இருந்தபின் மட்டும் மவுஸ் உயிரற்றுக் கிடந்து, ரிசீவரைப் பிடுங்கிச் செருகினால் மீண்டும் எழுமானால், மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸே அந்தத் துவாரத்தை உறங்கவைக்கிறது என்று சந்தேகிக்கலாம். விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூ.எஸ்.பி. ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், சாதனத்தை அணைக்க அனுமதி அளிக்கும் குறியை நீக்கிவிட வேண்டும். மவுஸே இல்லாமல் இதைச் செய்வது எப்படி என்று கலங்க வேண்டியதில்லை: இடப்புற ஆல்ட், இடப்புற ஷிஃப்ட், நம்லாக் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தி, கேட்கும் கேள்விக்குச் சம்மதம் சொன்னால், வலப்புற எண் விசைகளே அம்புக்குறியை நகர்த்தும். புளூடூத் மவுஸாயின், பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு மறுபடி இணைப்பதே உத்தமம்.

இத்தனைக்குப் பிறகும் தீராத கோளாறு ஒன்று இருந்தால், மவுஸையும் ரிசீவரையும் வேறொரு கணினியில் பொருத்திப் பார்க்க வேண்டும். அங்கே ஒழுங்காக ஓடினால் குறை நம் கணினியைச் சார்ந்தது. அங்கேயும், புதுப் பேட்டரியோடும் ஒரு சாண் தூரத்திலும் தடுமாறினால்தான் மவுஸ் குற்றவாளியென்று தீர்ப்பளித்துக் கடைக்குப் புறப்படுவது நியாயமாகும்.