லைட் எரியுது, எஞ்சின் ஏன் சுத்தல?



விடியற்காலை நாலு மணி. லயத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. உடனே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த லயத்துத் தம்பியிடம் திரீவீலர் இருக்கிறது. சாவியைத் திருப்புகிறார். லைட் பளிச்சென்று எரிகிறது. பட்டனை அழுத்தினால் "டிக், டிக்" என்று ஒரு சத்தம் மட்டும்தான் வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை. "பெட்டரி நல்லாத்தானே இருக்கு, லைட் எரியுதே!" என்று அவர் தலையில் கைவைக்கிறார்.

இந்த நிலைமை எமது தோட்டங்களில் புதிதல்ல. மறுநாளே கடன்பட்டுப் புதுப் பெட்டரி வாங்குகிறோம். சில நாட்களில் மறுபடியும் அதே "டிக், டிக்". குறை எங்கே இருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய எஞ்சினின் கதையை முதலில் பார்ப்போம். பெரிய எஞ்சினில் வெளிப்படையாகத் தெரியும் குறைதான் சின்ன எஞ்சினில் மறைந்து கிடக்கிறது.

நோர்ட்டன் படித்த பாடம்

அந்தக் காலத்தில் சின்னத்தொரைமார் மோட்டார் சைக்கிளில் மலைக்கு வந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அப்போதெல்லாம் காலால் உதைத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

இங்கிலாந்தின் நோர்ட்டன் கம்பெனி 1967இல் 'கமாண்டோ' என்ற இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியது. பின்னர் அதன் எஞ்சின் 828 சி.சி. வரை பெருத்தது. 1975இல் அதற்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும் பட்டனும் வைத்தார்கள். ஆனால் அந்த மோட்டாரின் வலு போதவில்லை. குளிர்ந்த எஞ்சினைச் சுற்ற முடியாமல் அது திணறியது. "காலால் உதைக்கும்போது கூட ஒரு கை கொடுக்கத்தான் இது சரி" என்று ஓட்டியவர்களே கேலி பேசினார்கள்.

பிறகு என்ன செய்தார்கள்? எஞ்சினில் யாரும் கைவைக்கவில்லை. தடித்த கேபிள் போட்டார்கள், நல்ல பெட்டரி வைத்தார்கள், மோட்டாரில் இரண்டு கார்பன் பிரஷ் இருந்த இடத்தில் நான்கு பிரஷ் வைத்தார்கள். எஞ்சின் சுற்றியது. குறை கரண்ட் போகும் வழியில்தான் இருந்தது.

எவ்வளவு வலு தேவை?

எஞ்சின் தானாக ஓடத் தொடங்குமுன், பிஸ்டன் காற்றையும் பெற்றோலையும் சேர்த்து அமுக்க வேண்டும். சென்னையில் இயங்கும் றோயல் என்ஃபீல்ட் கம்பெனி 2018இல் விற்பனைக்கு விட்ட 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டியில் அந்தக் கலவை ஒன்பதரையில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் இந்த அமுக்கம் வரும். நோர்ட்டன் போன்ற இரட்டைச் சிலிண்டரில் ஒவ்வொரு சுற்றிலும் வரும். ஸ்டார்ட்டருக்கு இளைப்பாற நேரமே கிடையாது. அதோடு எண்ணெயின் பிசுக்கையும் அது வெல்ல வேண்டும்.

இத்தகைய பெரிய எஞ்சினைச் சுற்ற, பெட்டரியிலிருந்து ஏறக்குறைய 100 அம்பியர் அல்லது அதற்கு மேல் கரண்ட் பாய வேண்டும். அந்த நேரம் 12 வோல்ட் பெட்டரி 10 வோல்ட் அளவுக்கு இறங்கும். 10ஐ 100ஆல் பெருக்கினால் 1,000 வாட். ஒரு குதிரைவலு என்பது 746 வாட்தான். ஆகவே ஒரு குதிரைவலுவுக்கும் மேல்!

ஆனால் இந்த வேலை 3 விநாடியில் முடிந்துவிடும். 12 அம்பியர்-மணி பெட்டரியில் இருக்கும் சரக்கில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குச் செலவாகாது. வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் ஒரே மூச்சில் வர வேண்டும். இதுதான் விஷயம்.

வலு எங்கே தொலைகிறது?

முன்பு பல தோட்டங்களில் தண்ணீர் டர்பைன்தான் ஸ்டோர் இயந்திரங்களை ஓட்டியது. மேலே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும், வரும் குழாயில் சேறும் சருகும் அடைத்தால் டர்பைன் சுற்றுமா? அதே குழாயில் ஒரு குடத்தை வைத்தால் மெதுவாக நிரம்பிவிடும். லைட் எரிவது குடம் நிரம்புவது மாதிரி. ஸ்டார்ட்டர் சுற்றுவது டர்பைன் சுற்றுவது மாதிரி.

கணக்கைப் பாருங்கள். பெட்டரி முனையில் பூத்த வெள்ளைத் தூளாலோ தளர்ந்த நட்டாலோ 0.02 ஓம் தடை உண்டாகிறது என்று வைப்போம். ஹெட்லைட்டுக்கு 5 அம்பியர் போகும்போது அங்கே தொலைவது 0.1 வோல்ட்; கண்ணுக்கே தெரியாது. 100 அம்பியர் போக வேண்டுமென்றாலோ 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மோட்டாருக்குப் போக வேண்டிய வலுவில் 200 வாட் அந்த முனையில் வெறும் சூடாகிறது. ஆகவே லைட் எரிவதை வைத்து "எல்லாம் சரி" என்று சொல்லவே முடியாது.

எமது குளிரும் இதோடு சேர்கிறது. மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் எண்ணெய் தடித்துவிடும். பெட்டரிக்குள் நடக்கும் இரசாயன வேலையும் மந்தமாகும். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. பகலில் ஸ்டார்ட் ஆகும் வண்டி விடியலில் அடம்பிடிப்பது இதனால்தான்.

நாம் செய்ய வேண்டியவை

திரீவீலரின் சின்ன எஞ்சினுக்குக் கரண்ட் குறைவாகவே போதும். ஆனால் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

1. எஞ்சினை நிறுத்தி, மோதிரம், காப்பைக் கழற்றிவிட்டு, முதலில் மைனஸ் கேபிளையும் பிறகு பிளஸ் கேபிளையும் எடுங்கள். அப்பச்சோடா கலந்த சுடுதண்ணீரால் முனைகளைத் துடையுங்கள். அந்தத் தண்ணீர் பெட்டரிக்குள் போகக்கூடாது. உப்புக் கடதாசியால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள். பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

2. மைனஸ் கேபிள் எஞ்சினில் அல்லது சட்டத்தில் பூட்டியிருக்கும் இடத்தையும் சுரண்டிச் சுத்தப்படுத்துங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

3. பட்டனை அழுத்திய பிறகு முனையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கள்ளன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான்.

4. கராஜில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறைந்த பெட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது அது களைத்துவிட்டது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் விழுந்தால் மட்டும் புதுசு வாங்குங்கள்.

5. பட்டனை 5 விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம். அரை நிமிஷம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

எச்சரிக்கை

லொறியிலிருந்து வயர் இழுத்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் உண்டு. பல லொறிகளில் இருப்பது 24 வோல்ட். அதை 12 வோல்ட் வண்டிக்குக் கொடுத்தால் வயர் எரியலாம், பெட்டரி வெடிக்கலாம். பெட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது. ஆகையால் பக்கத்தில் பீடி, நெருப்புக்குச்சி, குப்பி லாம்பு வேண்டவே வேண்டாம். அசிட் கண்ணில் பட்டால் உடனே பீலியில் பதினைந்து நிமிஷமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம் என்று எப்போதும் நம்பியிருக்கவும் கூடாது. பெற்றோல் பம்பும் கம்ப்யூட்டரும் உள்ள புதிய வண்டிகளில் பெட்டரி முழுதாகச் செத்துவிட்டால், எத்தனை வளைவு உருட்டினாலும் எஞ்சின் பிடிக்காது.

ஆகவே நண்பர்களே, மாதம் ஒரு தரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குவோம். செலவு ஒரு கரண்டி அப்பச்சோடாவும் கொஞ்சம் வாஸ்லினும்தான். நடுச்சாமத்தில் ஒரு தாயும் பிள்ளையும் எமது வண்டியை நம்பி வாசலில் காத்திருக்கும்போது, முதல் அழுத்தலிலேயே அது எழும்ப வேண்டாமா?