சளி மாத்திரை வாங்கும்போது நான் சொல்லாமல் விட்டது

எனக்கு வலிப்புநோய் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை வெளியில் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

உயர்நிலை நான்கில் படித்தபோது ஒருநாள் காலை வீட்டுக் கூடத்தில் விழுந்தேன். கண்விழித்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தார். பாட்டி என் கையில் வீட்டுச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார். “காக்கா வலிப்பு” என்று அக்கம்பக்கத்தினர் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அன்று வீட்டில் எல்லாருக்கும் இருந்த முதல் கவலை. அந்தக் கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது.

மருத்துவமனையில் கார்பமாஸெபின் என்ற மாத்திரையைத் தரப்போவதாகச் சொன்னார்கள். அதற்குமுன் ரத்தம் எடுத்தார்கள். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை, தோல் உரியும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தலாம். ஆசிய மரபினர் பலரிடம் அந்த வகை காணப்படுவதால், மாத்திரையைப் புதிதாகத் தொடங்குமுன் அந்தச் சோதனையைச் செய்வது 2013ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் வழக்கமான நடைமுறையாக உள்ளது. எனக்கு அந்த மரபணு வகை இல்லை. மாத்திரை ஒத்துக்கொண்டது. வலிப்பு நின்றது.

இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். என் உடலுக்கும் மாத்திரைக்கும் ஒத்துப்போகுமா என்பதை ரத்தச் சோதனை சொல்லிவிட்டது. ஆனால் அந்த மாத்திரையுடன் நான் வேறு எதைச் சேர்த்து விழுங்கப்போகிறேன் என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

படிவத்தில் எழுதிய பொய்

இப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். சென்ற ஆண்டு தேர்வு நெருங்கிய வாரத்தில் காய்ச்சல், தொண்டைவலி, இருமல் எல்லாம் சேர்ந்து வந்தன. வகுப்புத் தோழன் ஒருவன் என்னை ஒரு மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றான். பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘தற்போது வேறு மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா?’

தோழன் பக்கத்திலேயே உட்கார்ந்து படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘இல்லை’ என்று எழுதினேன். உள்ளே மருத்துவரும் அதையே கேட்டார். படிவத்தில் எழுதியதை மாற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மறுபடியும் “இல்லை” என்றேன்.

கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து, சளி மாத்திரை, பாரசிட்டமால் மூன்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் மாலை அம்மா காய்கறி வாங்கி வரச் சொன்னதால் தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையில் கடைகளின் பெயர்ப்பலகைகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கப்பல் தளத்தில் நடப்பதுபோல் கால் தள்ளாடியது. வயிற்றைப் புரட்டியது. சளி மாத்திரையின் மயக்கம் என்று நினைத்து, தலைசுற்றலுக்கு ஏதாவது வாங்கலாம் என்று அருகிலிருந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தேன்.

அங்கிருந்த மருந்தாளர் தமிழ்ப் பெண்மணி. “தம்பி, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்று அவரும் கேட்டார். இம்முறை பக்கத்தில் யாரும் இல்லை. சொன்னேன். பையிலிருந்த மருந்து உறைகளையும் எடுத்துக் காட்டினேன்.

“இந்த இரண்டும் ஒன்றாகச் சேரக் கூடாதே! வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீங்க. இப்போதே மருத்துவமனைக்குப் போங்க. தனியாகப் போக வேண்டாம், அம்மாவைக் கூப்பிடுங்க,” என்றார். அம்மா வரும்வரை என்னைக் கடையிலேயே உட்கார வைத்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ரத்தத்தைச் சோதித்தார்கள். கார்பமாஸெபினின் அளவு இருக்க வேண்டியதைவிட அதிகமாக ஏறியிருந்தது. கிருமிக்கொல்லி மருந்தை மாற்றினார்கள். சில நாள்களில் பார்வை தெளிந்தது.

கல்லீரலில் நடந்தது என்ன?

கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் கார்பமாஸெபினைச் சிதைத்து உடலிலிருந்து அகற்றுகிறது. கிளாரித்ரோமைசின் அந்த நொதியின் வேலையைத் தடுத்துவிடும். எரித்ரோமைசினும் அப்படியே. வழக்கமான அளவில் மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும். வெளியேறுவது மட்டும் குறையும். அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் தேங்குவதுபோல் ரத்தத்தில் மருந்து தேங்கும். பார்வை இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

வலிப்புநோய்க்கு லெவெட்டிரசெட்டாம் உட்கொள்ளும் ஒருவருக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. அது பெரும்பாலும் வேறு வழியில், சிறுநீரகத்தின் மூலம் வெளியேறுகிறது. ஆகவே, “வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வலிப்புநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதல் தேர்வு பாரசிட்டமால்தான். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. கார்பமாஸெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால் உட்கொள்வோர் பாரசிட்டமாலை அதிக அளவிலோ நெடுநாளோ எடுத்தால் கல்லீரல் பாதிப்புக்கான அபாயம் கூடும்.

சோடியம் வால்ப்ரோயேட் உட்கொள்வோர் வலிக்கு ஆஸ்பிரின் எடுக்கக் கூடாது. அது ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் வீரியத்தைக் கூட்டும். ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. மாதவிடாய் வலிக்குப் பலர் வாங்கும் மெஃபனாமிக் அமிலம், அளவு மீறினால் வலிப்பைத் தூண்டக்கூடியது. வலிப்புநோய் உள்ள மாணவிகள் மருத்துவரிடம் கேட்ட பிறகே அதை எடுக்க வேண்டும். கடுமையான வலிக்குத் தரப்படும் டிராமடால், வழக்கமான அளவிலேயே சிலருக்கு வலிப்பை வரவழைக்கலாம்.

தூக்கம் வரவழைக்கும் பழைய வகைச் சளி மருந்துகளிலும் கவனம் தேவை. டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்றவை வலிப்பு மாத்திரை தரும் மயக்கத்தை மேலும் கூட்டும். சிலருக்கு வலிப்பு எளிதில் வரவும் வழிவகுக்கும். ஊரிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் சளி மாத்திரை அட்டைகளில் ஒரே மாத்திரைக்குள் பாரசிட்டமால், மூக்கடைப்பு மருந்து, குளோர்ஃபெனிரமின் மூன்றும் சேர்ந்திருப்பது உண்டு. அதனுடன் தனியாகப் பாரசிட்டமாலும் எடுத்தால் கணக்கு இரட்டிப்பாகும்.

இதற்குப் பயந்து காய்ச்சலை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. காய்ச்சல், தூக்கமின்மை, வாந்தியால் தவறிப்போகும் மாத்திரை ஆகிய ஒவ்வொன்றும் வலிப்பைத் தூண்டக்கூடியவை.

பாட்டியின் தைலம்

எனக்குச் சளி பிடித்தால் பாட்டி வெந்நீரில் நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிக்க வைப்பார். “இது மருந்தா என்ன? இலையிலிருந்து எடுத்ததுதானே!” என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நீலகிரித் தைலம் என்பது யூகலிப்டஸ் எண்ணெய். அதுவும் கற்பூரமும் மூளையின் நரம்பணுக்களைத் தூண்டக்கூடியவை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் மேத்யூவும் அவருடைய குழுவினரும் தென்னிந்திய மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2021ல் வெளிவந்தது. வலிப்பு வந்த 350 பெரியவர்களில் 55 பேருக்கு, இத்தகைய எண்ணெய்களை முகர்ந்ததோ பூசியதோ உட்கொண்டதோ தொடர்புடையதாகக் கண்டறிந்தார்கள். அந்த 55 பேரில் சிலருக்கு அதற்குமுன் வலிப்பே வந்ததில்லை.

தைலம் தடவும் எல்லாருக்கும் வலிப்பு வரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஏற்கெனவே வலிப்புநோய் உள்ளவர் அதைத் தவிர்ப்பதே நல்லது. நான் இதைப் படித்துக் காட்டியதும் பாட்டி சற்று நேரம் பேசவில்லை. “உனக்கு நல்லது என்றுதான்டா போட்டேன்,” என்றார். இப்போது எனக்கு வெறும் வெந்நீர் ஆவிதான். கூடவே மிளகு ரசம். தைலக் குப்பி அவருடைய முழங்காலுக்கு மட்டும். அதையும் அவர் தம் அறையிலேயே தடவிக்கொள்கிறார்.

சொல்வதற்கு வழி

வலிப்புநோய் உள்ள மாணவர்கள் நான்கு காரியங்களைச் செய்யலாம்.

* மாத்திரையின் பெயர், அளவு, உட்கொள்ளும் நேரம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் படத்தைக் காட்டினால் போதும்.
* சளி மாத்திரையாக இருந்தாலும் மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். நண்பர் நீட்டும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.
* புதிய மருந்து தொடங்கிய சில நாள்களில் பார்வை மங்கினாலோ தள்ளாடினாலோ உடனே மருத்துவரை நாடுங்கள்.
* எந்நிலையிலும் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவதே பெரும் வலிப்பைக் கொண்டுவரலாம்.

நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவருக்கு வலிப்பு வந்தால் அவரை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயிலோ கையிலோ எதையும் திணிக்காதீர்கள். சாவிக்கொத்து உதவாது. வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 995ஐ அழையுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரத்தில், அன்று என்னை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்ற தோழனிடம் நடந்ததைச் சொன்னேன். விலகிப்போவான் என்று எதிர்பார்த்தேன். “முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நான் வெளியே உட்கார்ந்திருப்பேனே!” என்றான். பிறகு என் மாத்திரை உறையைத் தன் கைப்பேசியிலும் படமெடுத்துக்கொண்டான்.

சென்ற மாதம் மீண்டும் சளி பிடித்தது. அதே மருந்தகம், அதே படிவம். தோழன் பக்கத்தில்தான் இருந்தான். ‘கார்பமாஸெபின், 200 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை’ என்று எழுதினேன்.