கோம்பை நாயும் கோடை விடுமுறையும்

அல்லிநகரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வடக்கே கொடைக்கானல் மலை. மேற்கே போடி மலை. தெற்கே மேகமலையும் வருஷநாட்டு மலையும். சித்திரை வெயிலில் தெருவிலே தார் இளகி, வீட்டுக்குள் சுவர்கூட அனலாய்க் கொதிக்கும் சமயத்தில், அந்த நீல மலைகள் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பது போலவே தோன்றும். கிட்டே போன பிறகுதான் அந்த அழைப்பு எல்லோருக்கும் அல்லவென்று தெரியவரும்.

நாங்கள் மூன்று பேர். கணவன், மனைவி, ஒரு நாய். நாயின் பெயர் செவலை. ஒவ்வொரு கோடையிலும் சில நாட்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது எங்கள் வழக்கம். இந்த யோசனையை முதன் முதலில் சொன்னது எங்கள் இருவரில் யார் என்பது இன்னும் தீராத வழக்கு. பிரயாணம் நன்றாக முடிந்த வருஷங்களில் இருவருமே அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடுவோம். கெட்டுப்போன வருஷங்களில் இருவருமே செவலையைக் கை காட்டிவிடுவோம்.

"நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கொடைக்கானலில் நாலு நாள் அறை எடுத்துத் தங்கினால் என்ன?" என்று எங்கள் பெரியம்மா வருஷம் தவறாமல் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் செவலையை விட்டுப் போக எங்களுக்கு மனம் வருவதில்லை. அவனை வைத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டாருக்கும் மனம் வருவதில்லை.

செவலை, கோம்பை ஜாதி நாய். உத்தமபாளையம் தாலூகாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கும் ஊர் கோம்பை. மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தைக் கோம்பை என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கு. இடத்தின் பெயர் ஊருக்கு ஆகி, ஊரின் பெயர் நாய்க்கும் ஆகிவிட்டது. செம்பு நிற உடல், கறுத்த முகவாய், குட்டையான ரோமம், வலுவான தாடை, நடுத்தரமான உயரம். இராஜபாளையம் நாயின் வெண்மையான மேனி அழகு இதற்குக் கிடையாது. சிப்பிப்பாறை நாயைப் போல அம்பாகப் பாயவும் இதனால் முடியாது. ஆனால் காட்டுப் பன்றியை எதிர்த்து நிற்கும் நெஞ்சுரமும், வீட்டு வாசலை விட்டு அசையாத பிடிவாதமும் இதன் சொத்து. முன்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் வேட்டைக்கும் காவலுக்கும் இதைத்தான் நம்பினார்கள்.

1972-ம் வருஷம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. நின்றது மிகவும் நல்லதே. ஆனால் அதோடு கோம்பை நாயின் பரம்பரை உத்தியோகமும் போயிற்று. பிறகு நம்மவர்களுக்கு வெளிநாட்டு நாய்களின் மேல் மோகம் பிறந்தது. சைபீரியாவின் பனியில் வண்டி இழுப்பதற்கென்று பிறந்த நாயைத் தேனி வெயிலில் மொட்டை மாடியில் கட்டி வைத்திருப்பவர்களை எங்களுக்குத் தெரியும். அந்தப் பிராணி என்ன பாவம் செய்ததோ! 2005-ம் வருஷம் இந்தியத் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. இமயமலை ஆட்டுநாய், ராம்பூர் நாய், முதோல் நாய், இராஜபாளையம் நாய் ஆகியவை அதில் இடம் பெற்றன. கோம்பைக்கு இடம் இல்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் நரேந்திர மோடி தம் வானொலிப் பேச்சில் சுதேசி நாய்களைப் புகழ்ந்தபோது கோம்பையின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அன்று செவலைக்கு இரண்டு முட்டை அதிகமாகக் கிடைத்தது. காரணம் அவனுக்கு விளங்கவில்லை, முட்டை விளங்கியது.

இத்தனை பெருமையும் மலையடிவாரத்தில் ஒரு காலைப் பொழுதில் காற்றில் பறந்தது.

முதல் வருஷம் நாங்கள் கூடாரம், ஜமக்காளம், அரிசி, பருப்பு, தூக்குவாளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு, மேகமலைப் பக்கம் காட்டுக்குள் ஓர் ஓடைக் கரையில் தங்குவது என்று புறப்பட்டோம். வனத்துறைச் சாவடியில் ஒரு காவலர் எங்களை நிறுத்தினார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, நீங்களும் அம்மாவும் மலைரஸ்தாவோடு மேலே போய் வரலாம். காட்டுக்குள் இறங்கவோ இராத் தங்கவோ கூடாது. உங்களுடைய மூன்றாவது ஆளுக்கு அதுவும் இல்லை" என்றார்.

எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது இந்த மண்ணின் நாய். மலையடிவாரத்திலேயே பிறந்த ஜாதி. இதற்கா தடை?" என்று வாதாடினோம். காவலர் கோபித்துக் கொள்ளவில்லை. நிழலில் நிற்கச் சொல்லி, செவலைக்குக் குடிக்கத் தண்ணீர் வைத்து, அப்புறம் விஷயத்தைச் சொன்னார்.

நாய் குரைத்தால் மான் கூட்டம் கலையும், அது போகட்டும். யானையைக் கண்டால் நாய் முதலில் துரத்தும். யானை திரும்பினால் நாய் எஜமானைத் தேடி ஓடி வரும். நாய்க்குப் பின்னால் யானையும் வரும். அதையும் விடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நம் வீட்டு நாயின் எச்சிலிலும் மலத்திலும் இருக்கும் நோய்க் கிருமிகள் காட்டிலுள்ள செந்நாய்க்கும் புலிக்கும் தொற்றக்கூடியவை. டிஸ்டெம்பர் என்னும் நோய் 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி வனத்தில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாரிக்கொண்டு போயிற்று. 2018-ல் குஜராத்தின் கீர் வனத்தில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோதும் அதே கிருமி அகப்பட்டது. மேகமலை 2009-ல் சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்தோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அங்கே எங்கள் செவலை விருந்தாளி அல்ல. வந்தால் நோயைக் கொண்டுவரக்கூடிய அந்நியன். சுதேசி என்ற பட்டம் அந்தச் சாவடியில் செல்லாது.

"சரி, நாய் இல்லாமல் வந்தால் நெருப்பு மூட்டிச் சமைக்கலாமா?" என்று எங்களில் ஒருவர் கேட்டுவிட்டோம். காவலரின் முகம் மாறிவிட்டது. "குரங்கணிக்குப் பிறகுமா அம்மா இதைக் கேட்கிறீர்கள்?" என்றார். யார் கேட்டது என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

குரங்கணி, போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள மலைக் கிராமம். 2018 மார்ச் 11-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் கூட்டத்தார் புல் சரிவில் காட்டுத் தீயின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். சென்னையிலிருந்து வந்த பெண்களும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். கோடையில் அந்தப் புல் காகிதம் போல உலர்ந்து கிடக்கும். சமதரையை விடச் சரிவில் தீ வேகமாக ஏறும். கீழே எரியும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்னதாகவே சுட்டுக் காய வைத்துவிடுகிறது. மனிதன் மூச்சு வாங்க ஏறும் மேட்டில் நெருப்பு மூச்சு வாங்காமல் ஏறுகிறது. கிராமத்தாரும் தீயணைப்புப் படையினரும் இருட்டில் ஏறி முதுகிலும் தூளியிலும் காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தார்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆயினும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். மணமாகிச் சில மாதங்களே ஆன தம்பதி ஒருவரும் அவர்களில் உண்டு. அந்த வாரம் தேனியில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டவர்கள் அதை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு சர்க்கார் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் வழிகாட்டிகளுடன் போய்வர ஏற்பாடு செய்தார்கள். தீப்பிடிக்கும் காலத்தில் அந்தப் பாதைகள் மூடப்படுகின்றன. விடுமுறைக்குக் காட்டைத்தான் நாட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது வருத்தம் தரும். எங்களுக்கும் முதலில் தந்தது.

வருத்தம் தெளிந்தது 2023 மே மாதத்தில். கேரளத்துச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு வனத்தில் கொண்டு விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, 27-ம் தேதி காலையில் கம்பம் பட்டணத்துத் தெருக்களில் நடந்து வந்தது. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜூன் 5-ம் தேதி அதைப் பிடித்து லாரியில் ஏற்றிக் களக்காடு - முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோகும் வரையில் பள்ளத்தாக்கில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. யானை ஊருக்குள் வந்ததால் ஊர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, நாங்கள் காட்டுக்குள் போனால் காடு என்ன பாடு படும் என்பதும் ஒருவாறு புரிந்தது.

அந்த வருஷத்திலிருந்து எங்கள் முகாம் வீரபாண்டிக்கு அருகே, முல்லையாற்றுக்குச் சமீபத்தில் உள்ள உறவினர் தோப்பில். நூறு தென்னை, நாலைந்து மா, ஒரு பம்புசெட், சிமிண்டுத் தொட்டி. தோப்புக் காவலுக்கு ஒரு பெரியவர். கூடாரத்தை மாமரத்தடியில் அடிப்போம். தேங்காய் விழும் என்பதால் தென்னைக்கு அடியில் அடிப்பதில்லை. இந்த ஞானமும் சும்மா வந்ததல்ல, ஒரு தூக்குவாளியைப் பலி கொடுத்து வந்தது. அடுப்பு தொட்டிக்குப் பக்கத்திலே. தணல் முழுவதும் அவிந்து, சாம்பலில் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் படுக்கை.

முதல் முகாமிலேயே செவலையைப் பறிகொடுக்கப் பார்த்தோம். அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

காலையில் தூங்கி எழ நேரமாகிவிட்டது. ஆற்றில் குளித்துவிட்டுத் தோப்புக்குத் திரும்பும்போது மணி பதினொன்று. தார் ரஸ்தாவில் ஒரு மைல் நடை. எங்கள் காலில் செருப்பு இருந்தது. அவன் காலில் இல்லை. எங்களுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. நாய்க்கோ உள்ளங்காலைத் தவிர வேறெங்கும் வியர்வை கிடையாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது ஒன்றுதான் அதற்கு உஷ்ணம் தணிக்கும் வழி. பாதி தூரத்தில் இரைப்பு அதிகமாயிற்று. எச்சில் நூலாக ஒழுகியது. "சோம்பல்" என்று சொல்லிக் கயிற்றை இழுத்தோம். தோப்பு வாசலில் கால்கள் பின்னி விழுந்துவிட்டான். ஈறு செக்கச்செவேலென்று இருந்தது. கண் எங்களைப் பார்த்தது; ஆனால் அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரியவர்தான் ஓடி வந்தார். "என்ன தாயி, உச்சி வெயில்ல வாயில்லாச் சீவனை நடத்திக் கூட்டியாந்திருக்கீக!" என்று ஒரே வார்த்தை. செவலையை அள்ளிக்கொண்டு போய், தலை மட்டும் வெளியே இருக்கும்படி தொட்டியில் இறக்கி, பம்புசெட்டைப் போட்டுவிட்டார். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் பாய்ந்தது. மேலே ஈரத் துணியைச் சுற்றப் போனோம். வேண்டாமென்று தடுத்து, துண்டால் விசிறச் சொன்னார். துணியைச் சுற்றினால் உஷ்ணம் உள்ளேயே அடைபடும் என்று பிற்பாடு கால்நடை டாக்டரும் சொன்னார். நாய்க்குச் சாதாரண உஷ்ணம் பாரன்ஹீட் 101 முதல் 102½ டிகிரி வரை. இவ்வளவும் செய்து, தேனிக்கு வண்டியில் கொண்டு போன பிறகும் செவலைக்கு 104 இருந்தது. "முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு கொண்டுவந்தீர்களே, அதனால் பிழைத்தான்" என்றார் டாக்டர். பாராட்டு எங்களுக்கு உரியதல்ல என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

இப்பொழுது எங்கள் கடிகாரத்தைச் செவலை வைத்திருக்கிறான் என்றே சொல்லலாம். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நடை. ரஸ்தாவில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுவோம். கை தாங்காவிட்டால் அவன் காலும் தாங்காது. நடுப்பகல் முழுவதும் மர நிழலில் புளியோதரையும் தூக்கமும். திராட்சைப் பந்தல் பக்கம் அவனை விடுவதில்லை. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; நமக்கு அது அமிர்தம். நாய்க்கோ திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். இது தெரியாமல் முன்பு பாயசத்துத் திராட்சையை அவனுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மே மாதக் கடைசி வாரத்தைத்தான் நாங்கள் முகாமுக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கிறோம். பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் வருஷங்களில், ஜூன் முதல் தேதி கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நஞ்சை அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழவேண்டிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை 1895-ல் முடிந்தது. அதைச் செய்த பென்னி குயிக் துரையின் படம் இன்றும் இங்கே பல வீடுகளில் சுவாமி படங்களின் வரிசையில் இருக்கிறது. அந்நியர் ஆட்சியை ஒருநாளும் ஒப்பாதவர்களும் அவருடைய படத்தைக் கழற்றவில்லை.

சென்ற முறை நாங்கள் தங்கியிருந்தபோது தோப்பு ஓரத்து வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. ஜூன் பிறந்த பிறகு ஓர் இரவு, ஊர் அடங்கி வெகு நேரம் கழித்து, செவலை எழுந்து உட்கார்ந்தான். காதை நிமிர்த்தினான். குரைக்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் கட்டிலை விட்டு எழுந்து, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "வந்திருச்சு தாயி, மடையைத் திறக்கணும்" என்று இருட்டில் நடந்தார். செவலை அவர் பின்னாலே போனான். சற்று நேரத்துக்கெல்லாம் காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் எங்கள் காதிலும் விழுந்தது.