பால்கோவா நிக்குது, கனாஷ் ஏன் வழியுது?

சாக்லேட் கேக் மேல பளபளன்னு ஊத்துறாங்களே, அதுக்குப் பேர் கனாஷ். நறுக்கிய சாக்லேட் மேல சூடான க்ரீமை ஊற்றிக் கலக்கினால் கனாஷ் ரெடி. ஆனால் ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் கேக்கை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதிப் பூச்சு அட்டைப்பெட்டியில் வழிந்து கிடக்கும். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், அதே வெயிலில், பால்கோவா தட்டில் குவித்தது குவித்தபடி நிற்கிறது. இரண்டிலும் பால்கொழுப்பும் சர்க்கரையும்தானே இருக்கு?

வித்தியாசம் எது தாங்கிப் பிடிக்கிறது என்பதில்தான். கனாஷில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத துளிகளாக, க்ரீமில் உள்ள தண்ணீரில் மிதக்கிறது. ஆறும்போது கோகோ வெண்ணெய் உறைவதால்தான் அது கெட்டிப்படுகிறது. அந்த வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே உருகிவிடும். வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். 38 டிகிரி வெயிலில் குழம்பாவதும் அதனால்தான். பால்கோவா கதை வேற. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். விறகடுப்பில் கிண்டிக் கிண்டி அதில் பெரும்பகுதியை விரட்டிவிடுகிறார்கள். மிஞ்சும் பால்புரதமும் சர்க்கரையும் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன. வெயிலில் கொஞ்சம் நெய் மினுங்கலாம், ஆனால் உருவம் குலையாது. (2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தப் பால்கோவாவுக்குத்தான்.)

ஆக, நம்ம ஊர் வெயிலுக்குக் கனாஷிலும் தண்ணீரைக் குறைக்கணும். புத்தகங்களில் இருக்கும் சமபங்கு கணக்கு குளிர்நாட்டுக்குச் சரி. இங்கே கால் கிலோ டார்க் சாக்லேட்டுக்கு 125 கிராம் க்ரீம் போதும். உருகவே உருகாது என்று சொல்லமாட்டேன், ஆனால் சட்டென்று ஓடாது. பல பேக்கரிகள் காம்பவுண்ட் சாக்லேட்டைப் பிடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. விலையும் குறைவு, வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எனக்கென்னவோ மெழுகைத் தின்ற மாதிரி இருக்கு. அட்டையில் பொருட்கள் பட்டியலைப் பார்த்தால் எதுன்னு தெரிஞ்சிடும்.

கெட்டியாகச் செய்யும்போது ஒரு தொல்லை உண்டு. எண்ணெய் தனியே பிரிந்து திரிதிரியாக நிற்கும். "திரிஞ்சு போச்சு"ன்னு கொட்டிவிடாதீங்க. பால் திரிவது புரதத்தால். இது தண்ணீர் பற்றாமல் கொழுப்பு ஒன்றுசேர்ந்தது. வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, நடுவிலிருந்து கலக்கிக்கொண்டே வந்தால் மறுபடி பளபளப்பாகச் சேர்ந்துவிடும். வெண்ணெய் மட்டும் சேர்த்துவிடாதீங்க, இன்னும் பிரியும்.